மிக்சிங் அண்ணனும் வால்டர் மர்ச்சும்: புதுக் கருவிக்கு முந்துவதன் லாப நட்டம்

கல்யாண வீடியோவுக்கு 'மிக்சிங்' போடும் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2001இல். மதுரையில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை. இரண்டு வி.சி.ஆர்., ஒரு மிக்சர், ஒரு டிவி. மண்டபத்தில் எடுத்த கேசட் ஒரு வி.சி.ஆரில் ஓடும். தேவையான இடம் வந்ததும் இன்னொன்றில் ரெக்கார்டு பொத்தானை அமுக்க வேண்டும். கை அரை நொடி பிந்தினால் கெட்டிமேளம் பாதியிலிருந்து கேட்கும். எல்லாம் முடிந்த பிறகு, "எங்க பெரியப்பா மொய் எழுதுறது விட்டுப்போச்சே" என்று பெண் வீட்டார் வந்து நின்றால் தொலைந்தோம். அந்த ஒரு காட்சியை நடுவில் சேர்க்க, அதற்குப் பின்னால் வரும் அத்தனையையும் மறுபடி பதிய வேண்டும்.

முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருடக் கடைசியில் அவர் ஃபைனான்சில் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரும், கேசட் காட்சியை அதற்குள் ஏற்றும் கேப்சர் கார்டும் இறக்கினார். எங்கள் தெருவில் அதுதான் முதல். ஒரு மணி நேர டிஜிட்டல் கேசட்டை உள்ளே ஏற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும். எங்களிடம் இருந்ததோ 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு கல்யாணத்தை டெலிவரி கொடுத்து அழித்தால்தான் அடுத்த ஜோடி உள்ளே வர முடியும். வெட்டிச் சேர்த்ததைக் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவாக்கித் தரும் வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர். ராத்திரி அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். காலையில் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். நடுராத்திரி கரண்ட் போயிருக்கும், யுபிஎஸ் இருபது நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் படுத்திருக்கும்.

ஆனால் ரோஜாப்பூ விரிய, அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை பெண் முகம் வருவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஸ்டூடியோக்காரர்கள் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். இரண்டரை வருடம் அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது வருடம் அதே தெருவில் ஐந்து கடைகள், ஐந்திலும் அதே ரோஜாப்பூ. ரேட் பாதியாகக் குறைந்தது. தவணை மட்டும் குறையவில்லை.

படைப்புத் தொழிலில் இருப்பவர்கள் புதுத் தொழில்நுட்பத்துக்கு முந்தினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டரை வருடம்தான் நினைவுக்கு வரும். லாபமும் அதற்குள்தான் இருக்கிறது, நட்டமும் அதற்குள்தான்.

சோளக்காட்டில் பிறந்த கருத்து

யார் எப்போது புதுமையை ஏற்கிறார்கள் என்பதற்கு ஒரு பெயர் பெற்ற வரைபடம் உண்டு. எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1962இல் அதைப் பிரபலமாக்கினார். மணி வடிவக் கோடு ஒன்றை ஐந்தாக வெட்டிக்கொள்ளுங்கள். புதிது வந்த உடனே பாய்கிறவர்கள் 2.5 சதவீதம். அடுத்து வரும் 13.5 சதவீதத்தை 'முந்தி ஏற்பவர்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 34, இன்னொரு 34, கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் 16. இவை கணக்கெடுத்து வந்த எண்கள் இல்லை, வளைகோட்டை எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கான அளவுகள்தான். 'நூற்றில் பதினாறு பேர் பழமைவாதிகள்' என்று யாராவது மேடையில் பேசினால் நம்பிவிட வேண்டாம்.

வரைபடத்தைவிட எனக்குப் பிடித்தது அது வந்த வழி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் விவசாயிகளிடம் விசாரித்து 1943இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். விதை 1928 வாக்கில் சந்தைக்கு வந்தது. நல்ல விளைச்சல் தந்த விதைதான். ஆனாலும் கிட்டத்தட்ட எல்லோரும் அதற்கு மாற 1941 வரை ஆயிற்று. முதலில் வாங்கியவர்கள்கூட முழு நிலத்திலும் போடவில்லை. கொஞ்ச இடத்தில் விதைத்துப் பார்த்தார்கள், மீதியில் பழைய விதை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எனக்கு இது தேவைப்படும்.

ரோஜர்ஸ் சொன்ன இன்னொரு விஷயம், முதல் 2.5 சதவீதத்துக்கும் அடுத்த 13.5க்கும் உள்ள வித்தியாசம். முதல் ஆட்களை ஊர் கொஞ்சம் கிறுக்கர்களாகவே பார்க்கும். இரண்டாவது கூட்டத்தில் இருப்பவர்கள் ஊரில் மரியாதை உள்ளவர்கள். 'அவரே வாங்கிட்டாரா? அப்ப நாமும் வாங்கலாம்' என்று மற்றவர்கள் நினைப்பது இவர்களைப் பார்த்துத்தான்.

எடிட்டிங் மேசையில் நடந்தது

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏ.ஆர். ரகுமானைத்தான் சொல்வார்கள். கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஸ்டூடியோ கட்டி, விளம்பரங்களுக்கு இசையமைத்து, 1992இல் 'ரோஜா'வோடு வந்தவர். நல்ல உதாரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மேதையை உதாரணமாக வைத்தால் கருவி எவ்வளவு கொடுத்தது, மனிதர் எவ்வளவு கொண்டுவந்தார் என்று பிரிக்க முடியாது. நான் எடிட்டிங்கைப் பார்த்தவன், அதனால் அங்கே போகிறேன்.

சினிமா எடிட்டிங் பல பத்தாண்டுகள் கைவேலையாகத்தான் இருந்தது. மூவியோலா, ஸ்டீன்பெக் போன்ற இயந்திரங்களில் ஃபிலிமை ஓட்டிப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் குறித்து, வெட்டி, டேப் ஒட்டுவார்கள். ஆயிரம் அடி ரோல் பதினோரு நிமிடம் ஓடும், ஒன்றரை அடி ஃபிலிம் என்றால் ஒரு நொடி. வெட்டிய துண்டுகள் கொக்கிகளில் தொங்கும்.

இதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர முதலில் முயன்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 'ஸ்டார் வார்ஸ்' டைரக்டர் ஜார்ஜ் லூகாசின் நிறுவனம் 1984இல் காட்டிய எடிட்டிராய்டு, காட்சிகளை லேசர் டிஸ்க்குகளில் வைத்து எடுத்துக் கொடுக்கும் இயந்திரம். மொத்தமே 24தான் செய்தார்கள். கடைசியில் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டது, கம்ப்யூட்டர் எடிட்டிங் சிஸ்டம் செய்யும் அவிட் நிறுவனம். 1989இல் அவிட் தன் முதல் சிஸ்டத்தை விற்கத் தொடங்கியது. 1993இல் ஹாலிவுட் படம் ஒன்று முழுக்க அதில் வெட்டப்பட்டது. நம் ஊரும் அதிகம் பிந்திவிடவில்லை. அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று 1994இல் வந்த 'மகாநதி'யைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச். அவர் அவிட்டுக்கு வந்த முதல் ஆள் இல்லை. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தை ஃபிலிமில்தான் வெட்டத் தொடங்கினார். குடும்பக் காரணத்தால் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டிய நிலை வந்தபோது, பாதி வழியில் அவிட்டுக்கு மாறினார். 1997 ஆஸ்கரில் அந்தப் படத்தின் எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் சேர்த்து இரண்டு விருதுகள் அவருக்கு. டிஜிட்டலில் வெட்டிய படம் ஒன்று எடிட்டிங் ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல் முறை. ரோஜர்ஸ் சொன்ன 'ஊரில் மரியாதை உள்ளவர்' இவர்தான். அவருக்கு முன்னால் அவிட்டைத் தொட்டவர்கள் பலர் இருக்க, உலகம் நினைவில் வைத்திருப்பது இவரை. அவிட் வருவதற்குப் பல வருடம் முன்பே பெரிய படங்களில் பெயர் வாங்கியிருந்தார். புதுக் கருவி அந்தப் பெயரின்மேல் ஏறி உட்கார்ந்தது.

மர்ச் கவனித்த ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மேசையில் ஒரு ஷாட்டைத் தேட வேண்டுமென்றால் ரோலைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வழியில், தேடாத ஏதோ ஒரு முகபாவம் கண்ணில் படும், சமயத்தில் அதுவே தேடியதைவிட நன்றாக இருக்கும். கம்ப்யூட்டர் கேட்டதை மட்டும் கொடுக்கும், வழியில் எதையும் காட்டாது. அவர் தன் படங்களின் ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் ஸ்டில் எடுத்துப் பலகைகளில் ஒட்டி, அறையைச் சுற்றி வைத்துக்கொள்கிறவர். கணினிக்கு மாறிய பிறகும் அந்தப் பலகைகளைக் கைவிடவில்லை. நின்றுகொண்டு எடிட் செய்யும் பழக்கத்தையும் விடவில்லை. பழையதில் ஊறி, புதியதற்கு மாறியவருக்குத்தான் நடுவில் எது கீழே விழுந்தது என்று தெரிகிறது. கணினியில் தொடங்கிய என் தலைமுறைக்கு, இப்படி ஒன்று விழுந்ததே சொன்னால்தான் தெரியும்.

உதவியாளர் எங்கே போனார்?

முந்துவதன் பலனைப் பேசும்போது எல்லோரும் எடிட்டரைப் பற்றியே பேசுவார்கள். அறையில் இன்னொருவர் இருந்தார்.

ஃபிலிம் காலத்தில் எடிட்டர் ஒரு துண்டைக் கேட்டால் உதவியாளர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் அவர் அதே அறையில் இருந்தே தீர வேண்டும். டைரக்டரும் எடிட்டரும் மல்லுக்கட்டுவது, அரை அடி குறைத்ததும் காட்சி உயிர் பெறுவது எல்லாம் அவர் கண்முன் நடக்கும். சம்பளம் குறைவுதான். ஆனால் பள்ளிக்கூடம் அது. அவிட் வந்ததும் துண்டுகளை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாம். காட்சிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயரிட்டு, அடுக்கி வைக்கத்தான் ஆள் வேண்டும். இயந்திரம் விலை கூடியது, பகலில் எடிட்டருக்கு அது வேண்டும். அதனால் உதவியாளர் ராத்திரி ஷிஃப்டுக்கோ பக்கத்து அறைக்கோ போனார். சாஃப்ட்வேரை எடிட்டரைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார். ஆனால் வெட்டு ஏன் அங்கே விழுந்தது என்பதைப் பார்க்கிற வாய்ப்பு போனது.

நான் இதை அனுபவித்திருக்கிறேன். சென்னைக்கு வந்த புதிதில், 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' என்பதுதான் என் தகுதி. வேலை உடனே கிடைத்தது. அந்தப் பெயரே ஐந்து வருடம் என்னைப் பிடித்து வைத்தது. சிஸ்டம் ஹேங் ஆனால் என்னைக் கூப்பிடுவார்கள், கதை பேசும்போது கூப்பிட மாட்டார்கள். கருவியால் உள்ளே வருகிறவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கதவைத் திறந்துவிட வந்தவர் காவல்காரராகவே நின்றுபோவார்.

கருவித் திறமைக்குக் கிடைக்கும் கூலி, அது அரிதாக இருக்கும் வரைதான். 1999இல் ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரை 999 டாலருக்கு விற்கத் தொடங்கியதும், அவிட் தெரிந்தவர் என்பதற்கு இருந்த தனி மதிப்பு கரையத் தொடங்கியது. மதுரையில் ரோஜாப்பூவுக்கு நடந்ததும் இதேதான். முந்துகிறவருக்குக் கிடைப்பது ஒரு கால இடைவெளி, அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று வருடத்தில் வாடிக்கையாளரைச் சேர்த்தாரா, ஒரு டைரக்டரின் நம்பிக்கையைச் சம்பாதித்தாரா, தன் கையெழுத்து என்று சொல்லும்படி ஒரு பாணியை உண்டாக்கினாரா என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் இருபது வருடம்.

பிந்தியும் பிழைத்தவர்கள்

இவ்வளவும் கேட்டுவிட்டு 'முந்தாவிட்டால் செத்தோம்' என்று பதற வேண்டாம். ஸ்பீல்பெர்க்கின் எடிட்டர் மைக்கேல் கான் எல்லோரும் அவிட்டுக்குப் போன பிறகும் வருடக்கணக்கில் ஃபிலிமையே வெட்டினார். 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' அப்படி வெட்டிய படம், அதற்கும் ஆஸ்கர் வாங்கினார். அவருடைய மூன்றாவது எடிட்டிங் ஆஸ்கர் அது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஸ்பீல்பெர்க் இருந்தார். டைரக்டரே ஃபிலிம்தான் வேண்டும் என்றால் எடிட்டருக்கு அவசரம் ஏது? நமக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த உதாரணத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

ஃபில் டிப்பெட்டின் கதை நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பொம்மையை இம்மியிம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் எடுக்கும் கலையில் மன்னர் அவர். 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களுக்காக அவரைத்தான் அமர்த்தியிருந்தார்கள். இதற்கிடையில் கம்ப்யூட்டரில் செய்த டைனோசர் ஒன்றின் சோதனைக் காட்சியைப் பார்த்ததும், 'நான் அழிந்துபோன இனம்' என்கிற பொருளில் அவர் சொன்ன வார்த்தையை ஸ்பீல்பெர்க் படத்துக்குள்ளேயே வசனமாக வைத்துவிட்டார். ஆனால் டிப்பெட்டை வீட்டுக்கு அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் ஆட்களுக்கு ஒரு மிருகம் எடையை எந்தக் காலில் வைக்கும், திரும்பும்போது தலை முந்துமா உடம்பு முந்துமா என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. மூட்டுகளில் சென்சார் வைத்த ஒரு உலோக எலும்புக்கூட்டையும் செய்தார்கள். பொம்மைக்காரர்கள் அதைப் பழையபடி கையால் நகர்த்துவார்கள், அந்த அசைவு கம்ப்யூட்டருக்குள் போகும். அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரில் டிப்பெட்டுக்கும் பங்கு கிடைத்தது. அவருடைய ஸ்டூடியோ பிறகு கம்ப்யூட்டர் அனிமேஷனுக்கே மாறியது.

அவர் முந்தவில்லை. முந்தியவர்களிடம் இல்லாத ஒன்று அவர் கையில் இருந்தது.

முந்தியும் விழுந்தவர்கள்

கருவி நம்முடையது என்று நினைப்போம், பெரும்பாலும் அது இன்னொருவருடையது. 2011 ஜூனில் ஃபைனல் கட் ப்ரோவின் புதிய பதிப்பு வந்தபோது, பழைய பதிப்பில் செய்த வேலைகளை அதில் திறக்கவே முடியவில்லை. பத்து வருடம் அதையே நம்பித் தொழில் செய்த எடிட்டர்கள் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிரீமியர் என்ற இன்னொரு சாஃப்ட்வேருக்கும் அவிட்டுக்கும் போனார்கள்.

தளங்களை நம்புவது இன்னும் மோசம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அதில் ஒன்று. நம் கிராமங்களில் எத்தனை பேர் கேமரா வாங்கக் காசில்லாமல் ஃபோனிலேயே நடித்து, வெட்டி, லட்சம் பேரைச் சேர்த்துவைத்திருந்தார்கள்! எல்லோரையும்விட முந்தியவர்கள் அவர்கள். ஒரே ராத்திரியில் பின்தொடர்பவர் எண்ணிக்கை பூஜ்யம். யூடியூபிலும் ஒரு கால் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

டிஜிட்டல் படைப்புக்கு 'இது இன்னாருக்குச் சொந்தம்' என்று இணையத்தில் பதிந்து விற்கும் என்எஃப்டி கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற ஓவியரின் டிஜிட்டல் படைப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 69 மில்லியன் டாலருக்குப் போனது. அடுத்த வருடமே அந்தச் சந்தை சரிந்தது. பீப்பிள் அதற்கு முன் பதின்மூன்று வருடத்துக்கும் மேலாக நாள் தவறாமல் ஒரு படம் வரைந்து போட்டவர். விலையைப் பார்த்து ஓடி வந்தவர்கள் பலர் அந்தப் பதின்மூன்று வருடத்தைப் பார்க்கவில்லை.

செயற்கை நுண்ணறிவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது: செய்தது யாருக்குச் சொந்தம்? 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் பற்றி முடிவு சொன்னது. அதில் எழுத்தும் பக்கங்களை அடுக்கிய விதமும் ஆசிரியருக்குச் சொந்தம், மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவாக்கிய படங்களுக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை என்று. ஒரு கம்பெனிக்கு ஏஐயில் லோகோ செய்து கொடுத்துவிட்டு, நாளை அவர்கள் வந்து 'இது எங்களுக்கு மட்டுமே சொந்தம்தானே?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முந்துகிறவர் சட்டம் வருவதற்கு முன்பே போய் நிற்பவர், அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சரி, மதுரை அண்ணனுக்கு வருவோம். கடை இப்போது இல்லை. ஆனால் அந்த இரண்டரை வருடத்தில் பஸ் ஏறி வந்த மேலூர், உசிலம்பட்டி ஸ்டூடியோக்காரர்களின் நம்பர்கள் அவரிடமே இருந்தன. இன்று மண்டபங்களுக்கு எல்இடி திரை வாடகைக்கு விடுகிறார், கல்யாணத்தை நேரலை செய்கிறார். கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் அந்தப் பழைய ஆட்கள்தான், இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள்.

போன மாதம் ஃபோன் செய்தார்.

"தம்பி, ஏதோ ஏஐயாம். ஃபுட்டேஜ் மொத்தத்தையும் போட்டா பாட்டுக்கு ஏத்த மாதிரி அதுவே கட் பண்ணிக் குடுத்துருமாம். வருசத்துக்கு ஒரு தொகை கட்டணுமாம். வாங்கிரலாமா?"

"ஒரு கல்யாணத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கண்ணே. மத்ததெல்லாம் வழக்கம்போல பையன் கட் பண்ணட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படீன்னா நம்ம மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் போட்ருவோம். சொதப்புனாலும் காசைத் திருப்பிக் கேக்க முடியாது."